வனேடோசீன் டைகுளோரைடும் அதன் தனித்த எலக்ட்ரானும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1979ஆம் ஆண்டில் பெர்லினைச் சேர்ந்த கனிம வேதியியலாளர் ஹார்ட்முட் கோப்ஃபும் உடற்கூற்றியல் ஆய்வாளர் பெட்ரா கோப்ஃப்-மையரும், சுண்டெலிகளின் வயிற்றுக்குழியில் வளரும் எர்லிக் அசைட்டிஸ் புற்றுக்கு எதிராக இரண்டு கரிம உலோகச் சேர்மங்கள் வேலை செய்கின்றன என்று அறிவித்தார்கள். ஒன்று டைட்டானோசீன் டைகுளோரைடு, செந்நிறப் படிகம். மற்றது வனேடோசீன் டைகுளோரைடு, கரும்பச்சைப் படிகம். சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினச் சேர்மம் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்த காலம் அது. உலோகத்தைக் கொண்டு புற்றை அடக்கலாம் என்ற நம்பிக்கை புதிதாக எழுந்திருந்த அந்த வேளையில், பிளாட்டினத்தோடு எந்த உறவும் இல்லாத இரண்டு மலிவான உலோகங்கள் அதே வேலையைச் செய்கின்றன என்ற செய்தி இயல்பாகவே பலரை ஈர்த்தது.

அதன்பின் இரண்டு சேர்மங்களின் பாதையும் பிரிந்துவிட்டது. டைட்டானியச் சேர்மம் 1990களில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வரை சென்றது. வனேடியச் சேர்மம் அந்த வாசலை எட்டவே இல்லை. எலிச் சோதனைகளில் அது பின்தங்கியதால் நேர்ந்தது என்று இதைச் சொல்லிவிட முடியாது. செல் வளர்ப்புச் சோதனைகள் பலவற்றில் வனேடியச் சேர்மம்தான் குறைந்த செறிவிலேயே புற்றுச் செல்களைக் கொன்றது. அப்படியிருந்தும் அது ஏன் ஓரங்கட்டப்பட்டது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. காரணங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போனால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: வனேடியத்திடம் உள்ள, டைட்டானியத்திடம் இல்லாத ஒரேயொரு எலக்ட்ரான். அந்த எலக்ட்ரான் மூலக்கூற்றின் வடிவத்தை மாற்றியது. வேதியியலாளரின் வழக்கமான கருவிக்கு அதைக் காட்டாமல் மறைத்தது. வேறொரு கருவிக்கு அதை மிகத் துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது.

சேர்மம் உருவான விதம்

தனிம அட்டவணையில் டைட்டானியம் 22ஆம் இடத்திலும் வனேடியம் 23ஆம் இடத்திலும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. 1951இல் ஃபெரோசீன் வெளிவந்து, மறு ஆண்டே அதன் அமைப்பு இரண்டு ஐங்கரி வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு அமர்ந்த அடுக்கு என்று தெளிவானதும், மற்ற உலோகங்களையும் அதே போல் வளையங்களுக்கு நடுவே வைக்க முடியுமா என்ற போட்டி தொடங்கியது. மியூனிக்கில் எர்ன்ஸ்ட் ஓட்டோ ஃபிஷரும் ஹார்வர்டில் ஜெஃப்ரி வில்கின்சனும் இதில் முன்னணியில் நின்றார்கள். இருவருக்கும் 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. வில்கின்சனும் பர்மிங்ஹாமும் 1954இல் வெளியிட்ட கட்டுரையில் டைட்டானியம், சிர்கோனியம், வனேடியம், நியோபியம், டேன்டலம் ஆகிய ஐந்து உலோகங்களின் இருவளையச் சேர்மங்கள் ஒன்றாக இடம்பெற்றன. வனேடோசீன் டைகுளோரைடின் வேதியியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செய்முறையைத் தாளில் எழுதினால் ஒரு வரிதான்: வனேடியம் டெட்ராகுளோரைடு ஒரு பங்கு, சோடியம் சைக்ளோபென்டாடையீனைடு இரண்டு பங்கு, பச்சைச் சேர்மமும் சாப்பாட்டு உப்பும் கிடைக்கும். ஆய்வகத்தில் அந்த ஒரு வரிக்கு இரண்டு நாள் ஆகும். கடையில் வாங்கும் டைசைக்ளோபென்டாடையீனை 160 டிகிரிக்கு மேல் சூடாக்கி உடைக்க வேண்டும். கற்பூரத்தை நினைவூட்டும் வாடை அறை முழுதும் பரவும்; 41 டிகிரி அளவில் சைக்ளோபென்டாடையீன் நிறமற்ற திரவமாக வடிந்து வரும். அதை அப்போதே பயன்படுத்திவிட வேண்டும். வைத்திருந்தால் தனக்குத்தானே மீண்டும் இணைந்து பழைய நிலைக்குப் போய்விடும். அதைச் சோடியத்தோடு சேர்த்துப் பெறும் உப்புக் கரைசலில் காற்று சிறிது பட்டாலும் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கும். அந்தச் சிவப்பின் அடர்த்தியைப் பார்த்தே நம் ஆர்கான் குழாயிணைப்பு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வனேடியம் டெட்ராகுளோரைடுதான் இதில் உண்மையான தலைவலி. செம்பழுப்பு நிறத்தில் இருக்கும் இந்தத் திரவம் ஈரக்காற்றைக் கண்டதும் புகையும். அறை வெப்பத்திலேயே மெதுவாகச் சிதைந்து, ஊதா நிற ட்ரைகுளோரைடைப் படியவிட்டு, குளோரின் வாயுவை வெளியேற்றும். நீண்ட நாள் மூடிக் கிடந்த குப்பியை எடுக்கும்போது அடியில் ஊதாத் தூள் படிந்திருந்தால், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். நான் முதன்முதலில் இந்தச் சேர்மத்தைச் செய்தபோது, அந்தத் தூளைப் பார்த்தும் பொருட்படுத்தாமல் குப்பியைக் குளிர்விக்காமலே திறந்தேன். புகைக்கூண்டின் கண்ணாடி கீழே இறக்கியிருந்ததால் முகம் தப்பியது; அன்று முழுதும் கூண்டுக்குள் பழுப்புப் படலம் ஒட்டியிருந்தது. இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. இந்தச் சேர்மத்தைப் பற்றிய ஆய்வுகள் டைட்டானியத்தோடு ஒப்பிடும்போது எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்குத் தொடக்கப் பொருளின் இந்தக் குணமும் ஒரு பங்கு வகித்திருக்கும் என்பது என் கணிப்பு. டைட்டானியம் டெட்ராகுளோரைடும் புகையும்தான். ஆனால் அது தானாகச் சிதைவதில்லை.

வினை முடிந்ததும் கரைப்பானை நீக்கி, எஞ்சியதை ஹைட்ரஜன் குளோரைடு ஏற்றிய குளோரோஃபார்மில் வடித்தெடுத்தால் பச்சைப் படிகம் கிடைக்கும். உலர்ந்த நிலையில் இது நல்ல பிள்ளை. சிறிது நேரம் காற்றில் கையாளலாம். இதன் தாய்ச் சேர்மமான வனேடோசீன் அப்படிப்பட்டதல்ல. இரண்டு குளோரினையும் இழந்து, பதினைந்து எலக்ட்ரானோடு மட்டும் நிற்கும் அந்த ஊதாப் படிகம் காற்றுப்பட்டால் உடனே கெட்டுவிடும். (இனி வனேடோசீன் என்று சுருக்கிச் சொல்லும் இடங்களில் டைகுளோரைடையும் நீரில் அதிலிருந்து உண்டாகும் வடிவங்களையுமே குறிக்கிறேன்.) டைகுளோரைடில் வனேடியத்தைச் சுற்றி இருப்பவை பதினேழு எலக்ட்ரான்கள். டைட்டானியச் சேர்மத்தில் பதினாறு. அந்த ஒரு எலக்ட்ரான் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

எண்பத்தேழு டிகிரி

ஃபெரோசீனில் இரண்டு வளையங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். டைகுளோரைடுகளில் அவை சாய்ந்து, திறந்த சிப்பியின் இரு ஓடுகளைப் போல ஒரு பக்கம் விரிந்திருக்கும். அந்த விரிந்த வாயில் இரண்டு குளோரின்களும் அமர்ந்திருக்கும். எக்ஸ் கதிர் படிகவியல் தந்த அளவுகளில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. டைட்டானியத்தில் குளோரின், உலோகம், குளோரின் ஆகிய மூன்றும் உண்டாக்கும் கோணம் 94.5 டிகிரி. வனேடியத்தில் அது சுமார் 87 டிகிரி. மேலும் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக உள்ள மாலிப்டினம் சேர்மத்தில் 82 டிகிரி. எலக்ட்ரான் ஒவ்வொன்றாக ஏறும்போது கோணம் குறுகிக்கொண்டே போகிறது.

இதைப் படிப்பவர்களுக்கு இது ஒரு சிறு எண்ணாகத் தோன்றலாம். அன்றைய வேதியியலில் இது ஒரு வழக்கையே முடித்து வைத்த எண். 1961இல் பால்ஹவுசனும் டாலும் முன்வைத்த விளக்கப்படி, உலோகத்தில் எஞ்சும் எலக்ட்ரான்கள் இரு ஈனிகளுக்கும் (இங்கே இரு குளோரின்களுக்கும்) நடுவே, சிப்பியின் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இருந்தால் எலக்ட்ரான் ஏற ஏற அது இரு குளோரின்களையும் வெளிப்புறமாகத் தள்ளி, கோணத்தை விரிக்க வேண்டும். படிகங்கள் காட்டியதோ அதற்கு நேர்மாறு. எலக்ட்ரான் நடுவில் இல்லை, குளோரின்களுக்கு வெளியே இரு பக்கவாட்டிலும் பரவியிருக்கிறது, அங்கிருந்து அவற்றை உள்நோக்கி நெருக்குகிறது என்று கொண்டால்தான் 94.5, 87, 82 என்ற வரிசை பொருந்தும்.

இதை ஊகமாக விடாமல் நேரடியாகக் காட்டியவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பீட்டர்சனும் லாரன்ஸ் டாலும். (1961இன் டாலும் இவரும் வேறு வேறு ஆட்கள், மாணவர்கள் பலமுறை குழம்பும் இடம் இது.) மெத்தில் தொகுதி ஏறிய வனேடியச் சேர்மத்தை மிகச் சிறிய அளவில் எடுத்து, அதே வடிவம் கொண்ட டைட்டானியச் சேர்மத்தின் படிகத்துக்குள் ஊன்றி, அந்தப் படிகத்தைக் காந்தப்புலத்தில் திருப்பித் திருப்பி எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு நிறமாலையை அளந்தார்கள். ஈ.பி.ஆர். என்று ஆய்வகங்களில் சுருக்கிச் சொல்லப்படும் இந்த முறை, இணைசேராமல் தனித்து நிற்கும் எலக்ட்ரானை மட்டுமே காணும். டைட்டானியத்தில் தனித்த எலக்ட்ரான் இல்லாததால் சூழ்ந்திருக்கும் படிகம் மௌனமாக இருந்தது. ஊன்றிய வனேடியம் மட்டுமே பேசியது. அது சொன்ன பதிலில், எலக்ட்ரான் பெரும்பாலும் உலோகத்தின் மீது, இரு குளோரின்களின் தளத்திலேயே, பக்கவாட்டில் பரவிய ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் உலவும் வெளியில்) இருந்தது. 1976இல் லாஹரும் ரோல்ட் ஹாஃப்மனும் வளைந்த மெட்டலோசீன்களுக்கு, அதாவது சாய்ந்த இரு வளையங்களுக்கு நடுவே உலோகம் அமர்ந்த இத்தகைய சேர்மங்களுக்கு, அளித்த ஆர்பிட்டால் விளக்கம், இன்று பாடநூல்களில் நிலைத்திருப்பது, இந்த அளவீடுகளோடு அழகாகப் பொருந்தியது. ஒரு கோட்பாட்டைத் தேர்ந்தெடுக்க உதவிய சாட்சி என்ற வகையில், மருந்தாகும் முன்பே வனேடோசீன் டைகுளோரைடு வேதியியலுக்கு ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்திருந்தது.

நீரில் கரைத்ததும்

குறுகிய கோணத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. வனேடியம்-குளோரின் பிணைப்பு நீளம் சுமார் 2.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), கோணம் 87 டிகிரி, ஆகவே இரு குளோரின்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 3.3 ஆங்ஸ்ட்ராம். சிஸ்பிளாட்டினிலும் இந்தத் தொலைவு ஏறக்குறைய இதேதான். டைட்டானியத்தில் அது 3.5க்குச் சற்றுக் குறைவு; சிர்கோனியத்தில் 3.6ஐத் தாண்டுகிறது. பெர்லின் ஆய்வாளர்கள் சோதித்த உலோக வரிசையில் டைட்டானியம், வனேடியம், நியோபியம், மாலிப்டினம் ஆகியவை புற்றை அடக்கின. சிர்கோனியமும் ஹாஃப்னியமும் அடக்கவில்லை. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், குளோரின்களுக்கு இடையிலான தொலைவு 3.6 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் அந்த இரண்டு இடங்களும் டி.என்.ஏ.வின் அடுத்தடுத்த இரண்டு காரங்களைச் சிஸ்பிளாட்டினைப் போலவே பற்றிக்கொள்ளும் என்று எண்ணியதில் வியப்பில்லை. வனேடோசீனின் அளவு அந்தக் கருத்துக்குக் கச்சிதமாக இருந்தது.

அந்தக் கச்சிதமே பலரைத் தவறான வழியில் நடத்தியது என்பது இந்த நிகழ்வில் நான் மிகவும் கவனிக்கத்தக்கதாகக் கருதும் பகுதி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி டோனியும் டோபின் மார்க்ஸும் 1985இல் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார்கள்: இந்தச் சேர்மங்கள் நீரில் என்னவாகின்றன? உடலுக்குள் செலுத்தும் எதுவும் முதலில் சந்திப்பது நீரைத்தானே. டைட்டானியம், வனேடியம், சிர்கோனியம் மூன்றின் டைகுளோரைடுகளையும் நீரில் இட்டு, குளோரைடு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது, வளையங்கள் எவ்வளவு காலம் நிற்கின்றன என்று அளந்தார்கள்.

முதல் குளோரைடு அளக்கவே நேரம் தராமல் வெளியேறிவிட்டது. இரண்டாவது, வனேடியத்தில் அரை மணி நேரத்துக்குள்ளாகவே பாதி போய்விட்டது. டைட்டானியத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. சிஸ்பிளாட்டினோடு இதை ஒப்பிட வேண்டும். அதில் முதல் குளோரைடு வெளியேற உடல் வெப்பத்திலேயே ஏறத்தாழ இரண்டு மணி நேர அரைவாழ்வு உண்டு. அதற்கும் மேலாக, இரத்தத்தில் குளோரைடு செறிவு மிகுந்திருப்பதால் மருந்து முழுதாகவே பயணம் செய்து, குளோரைடு குறைவாக உள்ள செல்லுக்குள் நுழைந்த பிறகே தன் குளோரைடுகளை விட்டு வேலையைத் தொடங்குகிறது. அந்த ஏற்பாடு எதுவும் மெட்டலோசீன்களுக்கு இல்லை. 3.3 ஆங்ஸ்ட்ராம் என்ற அழகிய பொருத்தம் செல்லின் வாசலை அடையும் முன்பே கலைந்துவிடுகிறது. இரு குளோரின்களும் இருந்த இடத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் உட்காருகின்றன. அந்த நீரும் சும்மா இருப்பதில்லை. வனேடியத்தில் அவை புரோட்டானை விடும் புள்ளிகள் பி.எச். 4.7, 5.2 ஆகியவற்றின் அருகில் உள்ளன. டைட்டானியத்தில் இன்னும் கீழே, 3.5இல் தொடங்குகின்றன. இரத்தத்தின் பி.எச். 7.4. ஆகவே அங்கே செல்வது குளோரைடும் அல்ல, வெறும் நீர் ஏறிய அயனியும் அல்ல, ஹைட்ராக்சைடு வடிவம்.

டைட்டானியமும் வனேடியமும் இங்கே வேறுபடும் விதத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நடுநிலை பி.எச்.இல் டைட்டானியம் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு கரையாத வீழ்படிவாக இறங்கத் தொடங்கும். வளையங்களும் மெல்லக் கழன்றுகொண்டே போகும். சிர்கோனியத்தில் வளையங்கள் இன்னும் வேகமாகக் கழன்றுவிடும். காற்று புகாமல் பார்த்துக்கொண்டால் வனேடியம் தன் இரண்டு வளையங்களையும் உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. நீரில் மெட்டலோசீனாகவே நீடிக்கும் திறனில் மூன்றிலும் சிறந்தது அதுதான். மருந்தாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய குணம் இதுவாகத்தானே இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு எழுகிறது.

ஆனால் காற்று புகாமல் என்ற நிபந்தனை எளிதானதல்ல. ஆக்சிஜன் கலந்த நடுநிலைக் கரைசலில் நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள வனேடியம் தன் தனித்த எலக்ட்ரானையும் விட்டு ஐந்தாம் நிலைக்கு ஏறி, வளையங்களை இழந்து, வனேடேட்டாகிவிடுகிறது. வனேடேட் சாதாரணப் பொருளல்ல. பாஸ்பேட்டைப் போன்ற வடிவம் கொண்டது. பாஸ்பேட்டை வெட்டும் நொதிகளைத் தடுப்பது. ஆகவே ஒரு செல் வளர்ப்புத் தட்டில் வனேடோசீனைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் கழித்து இறந்த செல்களை எண்ணும்போது, அவற்றைக் கொன்றது முழு மூலக்கூறா, அதன் சிதைவா என்று பிரித்துச் சொல்வது கடினமாகிறது.

அடுத்த ஆண்டு, 1986இல், அதே மார்க்ஸ் குழு வனேடோசீனை டி.என்.ஏ.வின் கட்டுமான அலகுகளான நியூக்ளியோடைடுகளோடு சேர்த்துப் பார்த்தது. காரங்களின் நைட்ரஜனை அது சிஸ்பிளாட்டினைப் போல இறுகப் பற்றவில்லை. பாஸ்பேட் தொகுதியின் அருகில் தளர்வாக, எளிதில் ஒட்டி எளிதில் விலகும் முறையில்தான் நின்றது. டி.என்.ஏ.வின் இழைகளைக் குறுக்காகப் பூட்டும் மருந்து என்ற கற்பனை அத்தோடு வலுவிழந்தது. பெர்லின் குழுவினர் டைட்டானியம் செல்லின் உட்கருவில், டி.என்.ஏ. பொதிந்துள்ள குரோமாட்டின் பகுதியில் சேர்வதைக் கண்டிருந்தார்கள். உலோகம் அங்கே போகிறது என்பது உண்மை. போய்ச் செய்யும் வேலை சிஸ்பிளாட்டினின் வேலையல்ல என்பதும் உண்மை. ஒரு வெற்றிபெற்ற மருந்தின் நிழலில் வைத்து இன்னொன்றைப் படித்ததால், வனேடோசீன் தனக்கே உரிய வகையில் என்ன செய்கிறது என்ற கேள்வி பல ஆண்டுகள் தள்ளிப்போனது.

எட்டுக் கோடுகள்

இனி கருவிகளின் கதைக்கு வருவோம். இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

கரைசலில் ஒரு கரிமச் சேர்மம் என்னவாகிறது என்று அறிய வேதியியலாளர் முதலில் நாடுவது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, அதாவது என்.எம்.ஆர். டைட்டானோசீனை ஒரு குழாயில் இட்டு அளந்தால், வளையத்தின் பத்து ஹைட்ரஜன்களும் சேர்ந்து ஒரே கூர்மையான கோட்டைத் தரும். வளையம் கழன்றால் அந்தக் கோடு நகரும் அல்லது குறையும். நீர் ஏறினால் வேறோர் இடத்தில் புதுக் கோடு எழும். மருந்து ஆய்வுக்குத் தேவையான எல்லாக் கணக்குகளையும் அந்த ஒரு கோட்டை வைத்தே எழுதலாம். வனேடோசீனில் தனித்த எலக்ட்ரான் இருப்பதால், அதன் காந்தத்தன்மை பக்கத்து ஹைட்ரஜன்களின் குறிப்பை அகட்டிக் கலைத்துவிடுகிறது. கூர்மையான கோடு இருக்க வேண்டிய இடத்தில் அகன்ற மேடு ஒன்று கிடக்கும். புதிய வழிப்பொருள்களைத் தயாரிக்கும் ஆய்வாளருக்கு அதைக் கொண்டு பயனுள்ள எதையும் அடையாளம் காண்பது அரிது. மெட்டலோசீன் மருந்துகளில் பெரும்பான்மையான உழைப்பு டைட்டானியத்தின் பக்கம் சாய்ந்ததற்கு இந்த வசதியின்மை ஒரு காரணம் என்று துறையைச் சேர்ந்தவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்.

அதே எலக்ட்ரான் ஈ.பி.ஆர். கருவிக்கு விருந்து. வனேடியத்தின் அணுக்கருக்களில் 99.75 விழுக்காடு ஒரே ஐசோடோப். அதன் தற்சுழற்சி எண் 7/2. ஆகவே தனித்த எலக்ட்ரானின் ஒற்றைக் கோடு எட்டாகப் பிரியும். நுண்ணலைகளை நீர் விழுங்கிவிடும் என்பதால் கரைசலை மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் ஏற்றி, களிமண் போன்ற அரக்கால் அடியை மூடி, குழிக்குள் இறக்க வேண்டும். 9.5 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில், 3,400 காஸ் அளவை ஒட்டிக் காந்தப்புலத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே போனால், திரையில் ஒன்றன்பின் ஒன்றாக எட்டு அலைகள் எழும்பி இறங்கும். அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே சுமார் 74 காஸ் இடைவெளி. எட்டும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. மூலக்கூறு கரைசலில் உருளும் வேகத்தைப் பொறுத்து, ஓரத்தில் உள்ளவை அகன்று தாழ்ந்தும் நடுவில் உள்ளவை குறுகி உயர்ந்தும் தெரியும். ஒருமுறை பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பெயர்ச்சீட்டு இல்லாத குழாயில் இருப்பதும் வனேடோசீன்தான் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

வளையங்களை இழந்து, ஆக்சிஜனை ஏற்று, வனேடில் அயனியாக நான்காம் நிலையிலேயே நிற்கும் வனேடியத்துக்கும் எட்டுக் கோடுகள் உண்டு. ஆனால் அவற்றின் இடைவெளி சுமார் 116 காஸ். ஆகவே 74, 116 ஆகிய இரண்டு எண்களைத் தெரிந்து வைத்திருந்தாலே, அமிலக் கரைசலில் வளையம் நிற்கிறதா போய்விட்டதா என்று அளவுகோலால் அளப்பது போல் அளந்துவிடலாம். ஐந்தாம் நிலைக்கு ஏறிவிட்டால் தனித்த எலக்ட்ரானே இராது. கோடுகள் எதுவும் தோன்றாது.

இதை எனக்குப் புத்தகத்தைவிட நன்றாகக் கற்றுக்கொடுத்தது ஒரு நுண்குழாய். பாஸ்பேட் தாங்கல் கரைசலில், பி.எச். 7.4இல் ஏற்றிய மாதிரி ஒன்றின் அடைப்பு சரியாக அமையாமல் போனதை நாங்கள் கவனிக்கவில்லை. முதல் நாள் மாலை எட்டுக் கோடுகளும் தெளிவாக இருந்தன. மறுநாள் காலை அதே எட்டும் அதே இடத்தில், அதே 74 காஸ் இடைவெளியில், ஆனால் உயரம் வெகுவாகக் குறைந்து நின்றன. 116 காஸ் இடைவெளியில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. அதற்கும் அடுத்த நாள் அடிக்கோடு மட்டுமே இருந்தது. கருவியில் கோளாறு என்று எண்ணி அரை நாள் செலவிட்டோம். கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. வனேடியம் ஒவ்வொரு மூலக்கூறாக ஐந்தாம் நிலைக்கு ஏறி, கருவியின் பார்வையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த கோடுகளின் வடிவம் மாறாமலிருந்ததே, இன்னும் சிதையாத மூலக்கூறுகள் முழுமையாக இருந்தன என்பதற்குச் சான்று. ஒரு சேர்மத்தின் சிதைவை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் நிறமாலை வேறு எந்த மெட்டலோசீனுக்கும் எளிதில் அமையாது.

இரத்தம் என்பது நிறமும் புரதமும் உப்பும் நிறைந்த கலவை. அதில் கரைந்த டைட்டானியம் எந்த வடிவில் இருக்கிறது என்று பார்ப்பது கடினம். ஆயிரம் ஹைட்ரஜன் குறிப்புகளுக்கு நடுவே அதன் ஒற்றைக் கோட்டைத் தேட வேண்டும். ஈ.பி.ஆர். கருவிக்கு இணைசேர்ந்த எலக்ட்ரான்கள் கண்ணில் படுவதே இல்லை. இரத்தத்தின் பெரும்பகுதி அதற்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் வனேடோசீன் மட்டும் எட்டுக் கோடுகளாகத் தெரியும். செக் நாட்டின் பார்டுபிட்சே பல்கலைக்கழகத்தில் யாரோமிர் விங்க்ளாரெக்கும் அவருடைய குழுவினரும் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். பாஸ்பேட் கலந்த உப்பு நீரில் வனேடோசீன் என்னவாகிறது என்று 2004இல் தொடங்கி, 2006இல் அதன் அமினோ அமில அணைவுகளை உடலியல் கரைசல்களிலும் மனித பிளாஸ்மாவிலும் இரத்தத்திலும் பின்தொடர்ந்தார்கள். பெர்லின் அறிவிப்புக்கும் இந்த வேலைக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் இருக்கிறது. மருந்து இரத்தத்தில் எந்த உருவில் இருக்கிறது என்பது முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கருவி 1979இலும் இருந்தது.

டைட்டானியத்தின் பயணம், வனேடியத்தின் மறுவரவு

டைட்டானோசீன் டைகுளோரைடு 1990களில் மனிதச் சோதனையின் முதல் கட்டத்தைக் கடந்து, பரவிய சிறுநீரகப் புற்றிலும் மார்பகப் புற்றிலும் இரண்டாம் கட்டத்தில் சோதிக்கப்பட்டது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை; முயற்சி கைவிடப்பட்டது. நடுநிலை நீரில் நிலைக்காத குணம் மருந்து வடிவம் தயாரிப்பதிலேயே இடையூறாக இருந்தது. டைட்டானியத்தின் இந்தத் தோல்வி மெட்டலோசீன் வகை முழுவதற்குமான தோல்வியாகவே பலரால் கொள்ளப்பட்டது. அது சரியான கணக்கன்று. நீரில் வளையங்களை விடாமல் வைத்திருக்கும் உறுப்பினர் சோதனைக்கே வரவில்லை. அதேவேளை, வனேடியம் வந்திருந்தால் வென்றிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆக்சிஜன் நிறைந்த உடலில் அதன் நிலைத்தன்மை பெரிய கேள்வி. வனேடேட்டின் நச்சுத்தன்மை இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் விலங்குச் சோதனையில் விடை தேடியிருக்கலாம் என்பதே என் வருத்தம்.

டப்ளினில் மத்தியாஸ் டாக்கேயின் குழு வளையங்களில் மெத்தாக்சிபென்சைல் தொகுதிகளை ஏற்றி, டைட்டானோசீன் ஒய் என்ற சேர்மத்தை உருவாக்கியது. பன்றிச் சிறுநீரகச் செல்களில் பாதியைக் கட்டுப்படுத்த அதற்கு 21 மைக்ரோமோலார் செறிவு தேவைப்பட்டது. அதே வளையங்களை அதே இடத்தில் வைத்து, நடுவிலுள்ள உலோகத்தை மட்டும் வனேடியமாக மாற்றியபோது தேவைப்பட்ட அளவு சுமார் 3 மைக்ரோமோலார். அதே செல்களில் சிஸ்பிளாட்டினுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். வளையத்தில் எந்த வேறுபாடும் இல்லை, குளோரின்களிலும் இல்லை. மாறியது அட்டவணையில் ஒரு கட்டம், ஓர் எலக்ட்ரான். செல் வளர்ப்புத் தட்டில் கிடைத்த எண்ணை நோயாளியின் உடலுக்கு நீட்டிவிடக் கூடாது என்பது தெரிந்ததே. ஆயினும் அந்த 3 மைக்ரோமோலாரில் எவ்வளவு பங்கு வளையங்களோடு கூடிய வனேடோசீனுக்கு உரியது, எவ்வளவு பங்கு வழியில் உண்டான வனேடேட்டுக்கு உரியது என்பதைப் பிரித்தறிய வழி உண்டு. செல்களுக்குச் சேர்த்த அதே ஊடகத்தை, செல்லோடும் செல் இல்லாமலும், குறித்த நேரங்களில் நுண்குழாயில் எடுத்து, எட்டுக் கோடுகளின் உயரத்தை அளந்துகொண்டே போக வேண்டும். இறந்த செல்களின் கணக்கை அந்த உயரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.